தோட்ட ட்ரக்டரால ஸ்னோ தள்ளேக்க பின் சில்லு வழுக்குது – செயினா, பாரமா, ரயரா?

சிம்கோ_வாசி:
வணக்கம் எல்லாருக்கும். கனடா ஒன்ராறியோவில, பாரியில இருந்து ஓரிலியா போற வழியில ஒரோ-மெடோன்டே பக்கம் இந்தக் கோடையில வீடு மாறி வந்தனாங்கள். ரொறன்ரோ ஸ்காபரோவில இருக்கேக்க ஒரு சவளோட அலுவல் முடிஞ்சிடும், இங்க அப்பிடி இல்லை, ஜோர்ஜியன் பேயில இருந்து காத்து அடிக்கத் தொடங்கினா பக்கத்து ஊரில வெயில் எறிக்கும் எங்கட பக்கம் முழங்காலளவு கொட்டும். ட்ரைவ்வே கிட்டத்தட்ட 60 மீட்டர் நீளம், 3.5 மீட்டர் அகலம், வீடு மேல றோட்டு கீழ, பத்து மீட்டருக்கு ஒரு மீட்டர் உயருற ஏத்தம், கீழ்ப்பாதி தார் மேல்ப்பாதி கிரவல். பழைய தோட்ட ட்ரக்டர் ஒண்டு முன்பக்க பிளேட்டோட வாங்கியிருக்கிறன், 18 குதிரைச் சக்தி, பிளேட் 48 இஞ்சி, எண்ணெய் அழுத்தத்தால ஓடுற ஹைட்ரோ கியர், புல்லு வெட்டுற டெக்கைக் கழட்டி வச்சிட்டன். பிரச்சினை என்னெண்டா எஞ்சின் சும்மா உறுமுது, ஆனா கொஞ்சம் ஸ்னோ சேர்ந்த உடன பின் சில்லு நிண்ட இடத்திலயே சுத்துது, ஏத்தத்தில வெறுமனே ஏறவே மாட்டன் எண்டுது. ஒராள் ரயரைச் சுத்தி இரும்புச் செயின் போடு எண்டுறார், இன்னொராள் மண் மூட்டை கட்டு எண்டுறார், கடைக்காரர் புது ரயர் எண்டுறார். மூண்டையும் ஒரேயடியா வாங்க வசதியில்லை. எதை முதல் செய்யவேணும்?

பழையஇரும்பு:
தம்பி, வாங்க முதல் ட்ரக்டருக்குப் பக்கத்தில குந்தி நாலு விசயம் பாரும். பின் சில்லு எப்பிடிப் பூட்டியிருக்கு, நாலைஞ்சு போல்ட் போட்டு ஒரு ஹப்பில நிக்குதோ, இல்லாட்டி அச்சு சில்லுக்குள்ளால வந்து நடுவில ஒரு சின்னக் கிளிப்போட நிக்குதோ? ரயர் பக்கத்தில என்ன சைஸ் எழுதியிருக்கு? வழுக்கேக்க ரெண்டு சில்லும் சுத்துதோ ஒண்டு மட்டும் சுத்துதோ? ரெண்டு பின் சில்லையும் ஒண்டாச் சுத்த வைக்க, டிபரன்சியல் லொக் எண்டு காலால மிதிக்கிற பெடல் கிடக்கோ? இதுகளைச் சொல்லும், பிறகு கதைப்பம்.

சிம்கோ_வாசி:
பார்த்தன் அண்ணை. அஞ்சு போல்ட் போட்ட ஹப். ரயர் 23×10.50-12, புல்லுத்தரைக்குப் போடுற சாதாரண ரயர், சின்னச் சின்னக் கட்டமா இருக்கு, தேஞ்சும் கிடக்கு. வலது சில்லு மட்டும் சுத்துது, இடது அப்பிடியே நிக்குது. லொக் பெடல் ஒண்டும் இல்லை.

பழையஇரும்பு:
நல்லது. அஞ்சு போல்ட், 12 இஞ்சி றிம் எண்டால் அது உண்மையான தோட்ட ட்ரக்டர், பாரம் தாங்கும், மண் கிண்டவும் இழுக்கவும் செய்த பின்னச்சு. கிளிப் போட்டு நிக்கிற சில்லெண்டால் புல்லு வெட்ட மட்டும் செய்த மெசின், அதுக்கு நான் வேற கதை சொல்லியிருப்பன்.

ஒரு சில்லு சுத்தி மற்றது நிக்கிறது, எஞ்சின்ர சுத்தை ரெண்டு பின் சில்லுக்கும் பிரிச்சுக் குடுக்கிற டிபரன்சியலின்ர குணம், ஆருக்குப் பிடிப்புக் குறைவோ அவருக்குத்தான் சுத்தைக் குடுக்கும், அதால வலது சில்லு ஐஸ் பொட்டில நிண்டால் இடது சில்லு நல்ல தாரில நிண்டும் பிரயோசனமில்லை. லொக் இல்லாத மெசினில நீர் செய்யக்கூடியது ரெண்டு சில்லுக்கும் எந்த இடத்திலயும் பிடி கிடைக்கப் பண்ணுறதுதான். அதுக்கு செயின். ரெண்டு சில்லுக்கும் ஒரே மாதிரி.

செயின் வாங்கேக்க ரெண்டு வகை கிடக்கு, பக்கச் சங்கிலியில நாலு கண்ணிக்கு ஒருக்கா குறுக்குச் சங்கிலி வாறது ஒண்டு, ரெண்டு கண்ணிக்கு ஒருக்கா வாறது மற்றது. மலிவு எண்டு நாலு கண்ணியை எடுத்துப்போடாதையும். உம்மட ரயர் சின்னது, நாலு கண்ணிச் செயினில ஒரு குறுக்குச் சங்கிலிக்கும் மற்றதுக்கும் நடுவில வெறும் ரப்பர் நிலத்தில நிக்கிற நேரம் வரும், அந்த நேரம் வழுக்கும், பிறகு அடுத்த சங்கிலி வந்து படாரெண்டு பிடிக்கும், ஓடேக்க குலுக்கி எடுக்கும், ஒவ்வொரு தரமும் கியருக்கு ஒரு அடி. ரெண்டு கண்ணியில எப்பவும் ஏதோ ஒரு சங்கிலி நிலத்தில நிக்கும். காசு கூட, ஆனா அதுதான் சரியான சாமான்.

பூட்டுறதுக்கு முதல் சில்லுக்கும் மட்காட்டுக்கும் இடையில, சட்டத்துக்கும் இடையில எவ்வளவு இடம் கிடக்கெண்டு கையை விட்டுப் பாரும், ஒரு இஞ்சிக்கு மேல வேணும். பூட்டேக்க ரயரின்ர காத்தைப் பாதிக்கு மேல இறக்கி, செயினை மேலால விரிச்சுப் போட்டு, கொழுக்கியின்ர வாய் ரயரைப் பாக்காம வெளிப்பக்கம் பாக்கிற மாதிரி மாட்டி, பிறகு காத்தடிச்சால் செயின் இறுகிப் பிடிக்கும். அதுக்கு மேல ரப்பர் இழுவைப் பட்டி ஒண்டு போட்டுவிடும். பத்து நிமிசம் ஓடிப்போட்டு வந்து திரும்ப ஒருக்கா இறுக்கவேணும், கட்டாயம்.

காவேரிக்கரை:
நான் ஆட்டவால இருக்கேன், சொந்த ஊர் தஞ்சாவூர் பக்கம். அண்ணன் சொல்ற செயின் சரிதான், ஆனா வெயிட்ட பத்தியும் பேசணும். எங்க ஊர்ல ட்ராக்டர் டயர்ல தண்ணி ஏத்திதான் வெயிட் கூட்டுவாங்க, வயல்ல இறங்குறப்ப இரும்பு கேஜ் வீல் மாட்டுவாங்க, ரெண்டுமே இங்க சொல்ற அதே வேலைதான், பாரம் ஒண்ணு பிடிப்பு ஒண்ணு. இங்க வெறும் தண்ணிய ஏத்திட முடியாது, உறைஞ்சு கட்டியாகி டயரையே கெடுத்துடும். கார் கண்ணாடி கழுவுற திரவம் இருக்கே, மைனஸ் 40ன்னு போட்டு விக்கிறது, அத ஏத்துறாங்க. வால்வ உச்சில நிறுத்தி அந்த மட்டம் வரைக்கும், அதாவது முக்கால்வாசி. 23×10.50-12 டயர்ல எட்டு கேலன் வாக்குல பிடிக்கும், ஒரு பக்கத்துக்கு 60 பவுண்டுக்கு மேல வெயிட் வரும். பீட்ரூட் சர்க்கரை ஆலைல மிஞ்சுற சாறுல செஞ்ச திரவம் ஒண்ணும் டீலர்ங்க ஏத்துறாங்க, கேலனுக்கு 11 பவுண்ட் கிட்ட கனம், இரும்ப அரிக்காது, ஆனா விலை அதிகம். கால்சியம் குளோரைடும் அதே கனம்தான், ஆனா கொஞ்சம் கசிஞ்சா ரிம்ம தின்னுடும், டியூப் இல்லாம அத தொடவே தொடாதீங்க. கார் ரேடியேட்டர்ல ஊத்துற பச்சை கூலன்ட்டும் வேணாம், இனிப்பா இருக்கும், கசிஞ்சா நாய் நக்கி செத்துப்போயிடும்.

ஓவன்சவுண்ட்_அக்கா:
திரவம் நல்லதுதான், ஆனா ஏத்தினால் திரும்ப எடுக்கிறது பெரிய வேலை. தம்பி இதே ட்ரக்டரால கோடையில புல்லும் வெட்டப்போறார் எண்டு நினைக்கிறன். ஏப்ரல் மேயில நிலம் ஊறிக் கிடக்கேக்க அவ்வளவு பாரத்தோட புல்லுக்குள்ள இறங்கினால் சில்லுத் தடம் வாய்க்கால் மாதிரி விழும். என்ர விருப்பம் றிம்மில போல்ட் போட்டுப் பூட்டுற இரும்பு வட்டுத்தான், ஒரு பக்கத்துக்கு 50 இறாத்தல், மாரி முடியக் கழட்டி வைக்கலாம். பழசு விக்கிற இடங்களில தேடினால் கிடைக்கும். அந்தப் பாரம் நேர சில்லிலயே தொங்குறதால அச்சுக்கோ சட்டத்துக்கோ பெரிசா அழுத்தம் இல்லை. பின்னால பெட்டி கட்டி மண் மூட்டை போடுறதும் செய்யலாம், அது பின்னச்சுக்கும் பின்னால தொங்குறதால நெம்புகோல் மாதிரி முன் சில்லைக் கொஞ்சம் தூக்கும். முன்னால ஸ்னோவை எடுத்து எறியிற பாரமான ப்ளோவர் பூட்டியிருந்தால் அது நன்மை. வெறும் பிளேட் எண்டால் ஸ்டியரிங் கையில நிக்காது.

கணக்குப்புள்ள:
செயினா வெயிட்டான்னு இவ்ளோ பேசுறீங்க, எண்ணுல போட்டுப் பாத்தா தெளிவாயிடும், தயவுசெஞ்சு பொறுமையா படிங்க.

ட்ராக்டரும் பிளேடும் சேத்து 430 கிலோன்னு வச்சுக்குவோம், ஓட்றவர் 80, மொத்தம் 510. பின் அச்சு மேல நிக்கிறது சுமார் 300. மிதிபட்டு இறுகின ஸ்னோ மேல ரப்பர் டயரோட உராய்வு எண் 0.2ல இருந்து 0.3 வரைக்கும் இருக்கும், ஐஸ்ல 0.1 கிட்ட. 0.2ன்னு எடுத்தா 300 கிலோவுக்கு 60 கிலோ தள்ளு விசைதான் கிடைக்கும், அதுக்கு மேல மிதிச்சா டயர் சுத்தும். 60 கிலோவ நொடிக்கு ஒரு மீட்டர் வேகத்துல தள்ள ஒரு குதிரைச் சக்தி கூட வேணாம். அதனாலதான் 18 குதிரை எஞ்சின் உறுமிட்டே நிக்குது, அதோட சக்தி கீழ இறங்க வழியே இல்ல.

இப்ப ஏத்தத்துக்கு வாங்க. பத்துக்கு ஒண்ணுன்னா 510 கிலோவ மேல இழுக்கவே 51 கிலோ விசை போயிடும். கையில இருக்கிற 60ல மிச்சம் 9 கிலோ, அத வச்சு என்ன ஸ்னோ தள்றது! அதே ட்ராக்டர் கீழ்நோக்கி வந்தா அந்த 51 நமக்கு உதவியா வந்து 111 ஆகுது. டயரும் மாத்தல, ஒரு பைசா செலவும் இல்ல, திசைய மாத்தினா பன்னெண்டு மடங்கு.

அடுத்து, பின்னாடி 100 கிலோ ஏத்துறோம். விசை 80 ஆகும், ஆனா அந்த 100 கிலோவையும் மேல இழுக்கணும்ல, அதுக்கு 10 போயிடும், மிச்சம் 19. பரவால்ல, முன்னேற்றம்தான். ஆனா ஐஸ்ல பாருங்க, 0.1 கணக்குல வெயிட் இல்லாதப்ப 30 கிடைக்குது 51 வேணும், 21 குறையுது. 100 கிலோ ஏத்தின பிறகு 40 கிடைக்குது 61 வேணும், அதே 21 குறையுது! ஐஸ் ஏத்தத்துல எவ்ளோ மூட்டை கட்டினாலும் ஒரு பிரயோசனமும் இல்ல. செயின் மட்டும்தான் அந்த உராய்வு எண்ணையே மாத்துது, அது 0.4 ஆச்சுன்னு வச்சா 120ல 51 போக 69 மிஞ்சும். அதனால இவர் இடத்துக்கு முதல்ல செயின், அப்புறம்தான் வெயிட். இதுல எனக்கு ஒரு சந்தேகமும் இல்ல. சமதரைல இருக்கிறவங்களுக்கு வெயிட்டும் நல்லா உதவும், அவங்க கணக்கு வேற.

மஸ்கோகா_மரம்:
கணக்கு வடிவாக் கிடக்கு, ஆனா செயினால தார் கீறுப்படும் எண்டதை ஒருத்தரும் சொல்லேல்லை. கல்லு பதிச்ச ட்ரைவ்வே எண்டால் இன்னும் மோசம். நான் காட்டுப் பாதையில ஓடுற ஏடிவி வண்டிக்குப் போடுற ரயரைப் பூட்டியிருக்கிறன், 12 இஞ்சி றிம்முக்கு தாராளமாக் கிடைக்கும், ரப்பர் மெது, கட்டைகள் ஆழம், ஸ்னோவுக்குள்ள நல்லாக் கடிக்கும், மழை பெய்து கரைஞ்சால் பிறகு செயின் கழட்டுற வேலையும் இல்லை. 2024 நவம்பர் கடைசியில கிரேவன்ஹர்ஸ்ட் பக்கம் ஒரு மீட்டருக்கு மேல கொட்டி ஹைவே 11ஐயே மூடினவங்கள், அந்தக் கிழமை முழுக்க இந்த ரயரோடதான் தள்ளினனான்.

பழையஇரும்பு:
உங்கட இடம் சமதரையோ?

மஸ்கோகா_மரம்:
ஓம், சமதரைதான்.

பழையஇரும்பு:
அதுதான் வித்தியாசம். ஏடிவி ரயர் புது ஸ்னோவில அருமை, நான் மறுக்கேல்லை. மழை பெய்து இரவில உறைஞ்ச ஏத்தத்தில ரப்பர் என்ன மெதுவெண்டாலும் ரப்பர்தான். தார் கீறுறது சில்லு சுத்தேக்கதான் கூட நடக்கும், செயின் பூட்டினால் சுத்துறதே குறையும், பெடலை மெதுவா மிதிச்சால் தாரில பெரிசா ஒண்டும் தெரியாது. கல்லு பதிச்ச இடமெண்டால் நீங்கள் சொல்லுறது சரி, அங்க ரப்பர் செயின் கிடக்கு, விலை கூட, அதைப் பாக்கலாம். இன்னொரு விசயம், வயலுக்குப் போடுற குறுக்குக் கட்டை ரயரைப் பாத்து மயங்கவேண்டாம், பாக்கப் பலமா இருக்கும், சேத்துக்குள்ள நல்லது, இறுகின ஸ்னோவிலயும் ஐஸிலயும் நிலத்தில படுற ரப்பர் குறைவு, ரப்பரும் கடுமை. அதுக்கு மேல செயின் போட்டாலும் குறுக்குச் சங்கிலி கட்டைகளுக்கு நடுவில இருக்கிற பள்ளத்துக்குள்ள விழுந்து ஒளிச்சிடும்.

தம்பின்ர மெசினுக்கு இப்ப இருக்கிற புல்லு ரயரே காணும். செயினுக்கு அது தட்டையா நல்ல அடித்தளம் குடுக்கும்.

காவேரிக்கரை:
காத்தழுத்தம் பத்தி ஒண்ணு. செயின் இல்லாதப்ப 8 பிஎஸ்ஐ கிட்ட இறக்கினா டயர் அகலமா உக்காந்து கொஞ்சம் கூட பிடிக்கும். ரொம்ப இறக்கினா பக்கவாட்டுல தள்றப்ப டயர் ரிம்ம விட்டு கழண்டுடும், அந்தக் குளிர்ல திருப்பி மாட்றது பெரும்பாடு. குளிர் கூடக் கூட காத்தழுத்தம் தானாவே இறங்கும், கராஜ்ல பாத்த அளவு வெளில இருக்காது, அதையும் கணக்குல வைங்க.

ஓவன்சவுண்ட்_அக்கா:
சாமானைப் பற்றியே எல்லாரும் கதைக்கிறியள், தள்ளுற விதம் அதைவிடப் பெரிசு. கணக்குப்புள்ள தம்பி சொன்ன கீழ்நோக்கித் தள்ளுறதை நான் ரெண்டு கையாலயும் ஆதரிக்கிறன். வெறும் பிளேட்டைத் தூக்கிக்கொண்டு மேல ஏறி, வீட்டு வாசலில இருந்து கீழ வாங்கோ.

ரெண்டாவது, கொட்டி முடியட்டும் எண்டு காத்திருக்கக்கூடாது. உங்கட ட்ரைவ்வேயில 15 சென்றிமீற்றர் விழுந்தால் முப்பது கன மீட்டருக்கு மேல ஸ்னோ, புதுசா விழுந்த தூள் ஸ்னோ கன மீட்டருக்கு 100 கிலோ எண்டு பிடிச்சாலும் மூண்டு தொன். அதே ஆழத்துக்கு மழைத்தண்ணி குடிச்ச ஈர ஸ்னோ எண்டால் மூண்டு மடங்கு பாரம், ஒம்பது தொன்னுக்கு மேல, அதுவும் தள்ளுறது இந்தச் சின்ன மெசின். நாலு இஞ்சி சேர்ந்த உடன ஒருக்கா, பிறகு திரும்ப ஒருக்கா. இரவில நித்திரை போகும், வேற வழியில்லை.

மூண்டாவது, சில்லு சுத்தத் தொடங்கினால் உடன பெடலை விட்டிடுங்கோ. சுத்தச் சுத்த ரயர் அடியில இருக்கிற ஸ்னோவை மினுக்கி ஐஸாக்கிப் போடும், பிறகு அந்த இடத்தில மாரி முழுக்க வழுக்கும். பின்னுக்கு எடுத்து, பாதி பிளேட் அளவு மட்டும் கடிச்சுத் தள்ளுங்கோ.

கிரவல் பகுதியில முதல் விழுற ஸ்னோவைச் சுரண்டி எடுக்காதையுங்கோ. நிலம் இன்னும் உறைஞ்சிருக்காது, கல்லெல்லாம் புல்லுக்குள்ள போயிடும். பிளேட்டுக்கு அடியில நிலத்தில வழுக்குற காலை இறக்கி, பிளேட் நிலத்தில இருந்து ஒரு இஞ்சி உயர நிக்கிற மாதிரி வச்சு அந்த முதல் ஸ்னோவை மிதிச்சு இறுக்கி விடுங்கோ, அது உறைஞ்சால் மாரி முழுக்க நல்ல தளம். அதோட முதல் ரெண்டு மூண்டு கொட்டலுக்கும் கரையை நல்லா வெளிய, புல்லுக்குள்ள போற அளவுக்குத் தள்ளி வையுங்கோ. இப்ப சோம்பினால் தையில கரை உறைஞ்சு சுவராகி ட்ரைவ்வே ஒடுங்கிக்கொண்டே வரும், பிறகு எந்தச் செயினாலயும் அந்தச் சுவரை அசைக்க ஏலாது.

நான் பிளேட் விட்டு முன்பக்க ப்ளோவருக்கு மாறினது அதாலதான். ஹியூரோன் ஏரிப் பக்கம் விழுற அளவுக்குத் தள்ளி வைக்க இடம் காணாது. ப்ளோவர் தன்ர பாதையில இருக்கிறதை எடுத்து எறிஞ்சிடும், குவியலை முட்டித் தள்ளத் தேவையில்லை, அதால அவ்வளவு பிடிப்பும் தேவைப்படாது. ஆனா மெதுவா ஓடவேணும், சொதசொதப்பான ஈர ஸ்னோவில வாய் அடைக்கும், கிரவலில கல்லை எறியும். அடைச்சால் எஞ்சினை நிப்பாட்டி தடியாலதான் எடுக்கவேணும், கையை ஒரு நாளும் உள்ள விடக்கூடாது, நிப்பாட்டின பிறகும் விடக்கூடாது.

வடக்குவாசல்:
நான் கொஞ்சம் வேற மாதிரி யோசிக்கிறன். செயின், இரும்பு வட்டு, திரவம், பெட்டி எண்டு காசைப் போட்டுக்கொண்டே போறதை விட நாலு சில்லும் இழுக்கிற சின்ன டீசல் ட்ரக்டர் ஒண்டை வாங்கினால் இருபது முப்பது வருசம் கவலையில்லை. 60 மீட்டர் ஏத்தம், ஸ்னோ கொட்டுற இடம், தேவை உண்மையானது. அதோட லோடர் வாளியும் வந்தால் குவியலைத் தூக்கிக்கூட வைக்கலாம்.

சிம்கோ_வாசி:
நீங்கள் சொல்லுறது விளங்குது அண்ணை, காணியில வேற வேலையும் வந்தால் யோசிப்பன். இப்ப வீட்டுக் கடன் புதுசு, இந்த மாரியை இருக்கிறதோடதான் கடத்தவேணும். ரெண்டு கண்ணிச் செயின் இண்டைக்கு ஓடர் பண்ணியிருக்கிறன். பூட்டினாப் பிறகு வந்து சொல்லுறன்.

புதுவீட்டுக்காரன்:
இடையில வாறதுக்கு மன்னிக்கவும். என்கிட்ட புல்வெட்டி ட்ராக்டர்தான் இருக்கு, பழையஇரும்பு அண்ணன் சொன்ன மாதிரி சக்கரம் கிளிப்லதான் நிக்குது. நானும் செயின் போட்டு ரெண்டு பக்கமும் வெயிட் ஏத்தி பிளேடு மாட்டலாமா?

பழையஇரும்பு:
அவசரப்படாதையும் தம்பி. அந்த மாதிரி மெசினில வாற ஹைட்ரோ கியர்ப் பெட்டி சின்னது, புல்லு வெட்ட, சின்ன வண்டில் இழுக்கத்தான் செய்தது. சில்லு வழுக்குறது ஒரு வகையில அதுக்குப் பாதுகாப்பு, பாரம் கூடினால் சில்லு சுத்தும், கியருக்கு ஒண்டும் ஆகாது. நீர் செயினும் போட்டுப் பாரமும் ஏத்தி சில்லை வழுக்க விடாமப் பண்ணினால் அந்த விசை முழுக்க உள்ள போய் எண்ணெய் சூடேறும், சூடேறினால் எண்ணெய் தண்ணியாகி இழுவை குறையும், கனகாலம் நிக்காது. முதல் மெசினின்ர கைப்புத்தகத்தில பிளேட் பூட்டலாமோ, சில்லுக்கு எவ்வளவு பாரம் போடலாம் எண்டு பாரும். போடலாம் எண்டிருந்தால் செயினை மட்டும் போட்டு, ரெண்டு மூண்டு இஞ்சி விழுந்த உடன மெதுவாத் தள்ளும். மேலதிக பாரம் வேண்டாம். கியர்ப் பெட்டிக்கு மேல சின்னக் காத்தாடி ஒண்டு இருக்கும், அதில ஸ்னோவும் பழைய புல்லும் அடையாமப் பாத்துக்கொள்ளும்.

சிம்கோ_வாசி:
திரும்ப வந்திட்டன். செயின் பூட்டியாச்சு, அண்ணை சொன்ன மாதிரி காத்தை இறக்கி, மாட்டி, திரும்ப அடிச்சன், கல்லு மாதிரி இறுகி நிக்குது. நேற்று இரவில இருந்து கொட்டினதை ரெண்டு தரமாத் தள்ளினன், மேல இருந்து கீழ. வித்தியாசம் சொல்லி வேலையில்லை! முந்தி வெறுமனே ஏறாத இடத்தில இப்ப பிளேட்டைத் தூக்கிக்கொண்டு நிப்பாட்டித் திரும்ப எடுத்தாலும் ஏறுது. பாரம் ஒண்டும் இன்னும் போடேல்லை. ஒரு புதுப் பிரச்சினை, பின் சில்லு இப்ப நல்லாத் தள்ளுறதால பிளேட்டைச் சரிச்சு வச்சால் முன் சில்லு பக்கமா இழுபட்டுப் போகுது, ஸ்டியரிங்கை முறிச்சாலும் நேரதான் போகுது. ஈர ஸ்னோ பிளேட்டிலயும் ஒட்டிக்கொள்ளுது.

பழையஇரும்பு:
அது எதிர்பார்த்ததுதான். சரிச்ச பிளேட்டில ஸ்னோ ஒரு பக்கமாத் தள்ள, மெசினை மற்றப் பக்கம் தள்ளும், முன் சில்லுக்குப் பிடிப்பில்லாட்டி முகம் திரும்பும். சரிவைக் கொஞ்சம் குறைச்சுப் பாரும், முழு அகலத்துக்கும் ஸ்னோவை எடுக்காமப் பாதிப் பாதியா எடும். பிறகும் போகுதெண்டால் முன் ரயரை நடுவில வரம்பு வச்ச, சுத்திவர நீளக் கோடு போட்ட ரயரா மாத்தும், அது கத்தி மாதிரி வெட்டிக்கொண்டு நேர நிக்கும். முன் அச்சுக்கு இரும்புக் கட்டி வைக்க இடம் இருந்தால் அதிலயும் கொஞ்சம் வைக்கலாம். பின்னால பெட்டி கட்டிப் பாரம் போடாதது நல்லதாப் போச்சு, போட்டிருந்தால் இது இன்னும் மோசமா இருந்திருக்கும்.

பிளேட்டில ஒட்டுறதுக்கு, மெசினைச் சூடான கராஜுக்குள்ள இருந்து நேர வெளிய எடுத்தால் இரும்பு சூட்டில ஸ்னோ உருகி உடன உறைஞ்சு ஒட்டும். கொஞ்ச நேரம் முந்தி வெளிய விட்டுக் குளிர விடும், முகத்தில மெழுகோ சிலிக்கன் ஸ்பிரேயோ அடிச்சுவிடும். எஞ்சின் சூடேத்துறதும் வெளியதான், கதவு திறந்திருக்கு எண்டு கராஜுக்குள்ள ஓட விடவேண்டாம், கார்பன் மொனொக்சைட்டுக்கு மணமில்லை, கராஜில இருந்து வீட்டுக்குள்ள போயிடும்.

கணக்குப்புள்ள:
ஏத்தத்துல குறுக்கால ஓட்டாதீங்க, நேரா மேல நேரா கீழ மட்டும். செயின் போட்டதும் எங்க வேணா போகலாம்னு ஒரு தைரியம் வரும், பிடிப்பு கூடிருக்கே தவிர கவுறாம நிக்கிறதுல ஒண்ணும் மாறல.

ஓவன்சவுண்ட்_அக்கா:
தம்பி, ஐஸ் பொட்டுக்கு உப்புப் போடுறதெண்டால் யோசிச்சுப் போடுங்கோ. மைனஸ் 12க்குக் கீழ போனால் சாதாரண உப்புப் பெரிசா வேலை செய்யாது. அதோட உங்கட பக்கம் கனபேருக்குக் கிணத்துத் தண்ணிதானே, போடுற உப்பு எல்லாம் வசந்தத்தில நிலத்துக்குள்ளதான் இறங்கும். ஏத்தத்தில மணல் போடுங்கோ, செயினுக்கும் மணலுக்கும் நல்ல பொருத்தம்.

சிம்கோ_வாசி:
கிணறுதான் அக்கா, மணலே எடுக்கிறன். கடைசியா ஒரு கேள்வி, கீழ தள்ளிக்கொண்டு வாறதை றோட்டைக் கடந்து எதிர்ப்பக்கப் பள்ளத்தில விடலாமோ? பக்கத்தில சில பேர் செய்யினம். மற்றது றோட்டில ஸ்னோ தள்ளுற டவுன்ஷிப் (ஊர்ச்சபை) மெசின் வந்துபோனால் வாசலில வரம்பு மாதிரி இறுகின ஸ்னோவை விட்டிட்டுப் போகுது, அதை என்ன செய்யிறது?

ஓவன்சவுண்ட்_அக்கா:
வேண்டாம். ஒன்ராறியோ ஹைவே ட்ராபிக் சட்டத்தில 181ஆம் பிரிவு, அனுமதி எழுத்தில இல்லாம றோட்டில ஸ்னோ ஐஸ் போடக்கூடாது, டவுன்ஷிப் சட்டமும் தனியக் கிடக்கும். கடக்கேக்க சிந்துற கட்டி இரவில உறைஞ்சு ஆரும் வழுக்கி விழுந்தால் பெரிய விசயம். றோட்டுக்குப் பத்துப் பதினைஞ்சு மீட்டர் முன்னமே பிளேட்டைச் சரிச்சுப் பக்கத்துக்குத் தள்ளத் தொடங்குங்கோ, றோட்டு ஓரம் ரெண்டு பக்கமும் பாக்கிற அளவுக்குத் தாழ்வா வச்சிருங்கோ, குவியல் உயர்ந்தால் கார் வாறது தெரியாது.

வரம்பு இறுகிறதுக்கு முதல், டவுன்ஷிப் மெசின் போன கையோட எடுக்கிறது நல்லம், ஓரத்தில இருந்து பிளேட்டின்ர மூலையால கொஞ்சம் கொஞ்சமாக் கடிச்சு எடுங்கோ, நேர ஓடிப்போய் முட்டினால் பிளேட்டின்ர சுருள் வில்லும் சட்டமும்தான் முறியும். குவிக்கிற பக்கம் காத்தைப் பாத்துத் தெரியுங்கோ. எங்கட பக்கம் கூடுதலா வடமேற்கில இருந்துதான் அடிக்கும், அந்தப் பக்கம் உயரமாக் குவிச்சால் காத்து அதில தட்டி அடுத்த பக்கம் ட்ரைவ்வேக்குள்ளயே ஸ்னோவைக் கொட்டும், விடிய எழும்பினால் தள்ளினதெல்லாம் திரும்ப நிரம்பிக் கிடக்கும். காத்துப் போற பக்கம் குவிச்சால் அந்தத் தொல்லை இல்லை.

சிம்கோ_வாசி:
விளங்குது அக்கா. கிழக்குப் பக்கம் வேலி வரைக்கும் வெறுங்காணி, இனி அங்கதான். இண்டைக்கு இரவு திரும்ப ஸ்குவால் (திடீரெண்டு காத்தோட கொட்டுற ஸ்னோ) எண்டு அறிவிச்சிருக்கினம், செயினை ஒருக்கா இறுக்கிப்போட்டு பிளேட்டின்ர காலையும் இறக்கி பிளேட்டை உயர்த்தி வைக்கிறன். இரும்பு வட்டு கிட்ட ஒராள் விக்கிறார், பாரமான ஈர ஸ்னோ ஒருக்கா வரட்டும், செயின் மட்டும் காணாட்டி அப்ப வாங்குறன்.